முதல் வாளித் தண்ணீர்

1

நேற்றோடு நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம். மகன் கேக் வாங்கிக்கொண்டு வந்தான். பேத்தி அதில் ஒரு மெழுகுதிரி குத்தினாள். இவருக்கு ஒரு சின்னத் துண்டு தீத்தினேன். சப்பாமல் வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் கையை நீட்டினேன். என் கையில் துப்பிவிட்டு, "குறை நினையாதை" என்றார்.

இவர் என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரரை. பேர் எழுத மாட்டேன். அந்தக் கதை பிறகு வரும்.

கனகராயன்குளத்தில் இருக்கிற என் தங்கச்சி போன மாதம் ஒரு கடிதம் போட்டிருந்தாள். "அக்கா, அங்கை குசினிக்குள்ளையே பைப்பைத் திறந்தால் தண்ணி வருமாம். வாளி தூக்கத் தேவையில்லையாம். நீ குடுத்து வைச்சனி" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை நான் இன்னும் இவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அவளுக்கும், அவளைப்போல நினைக்கிற மற்றவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நாலாம் வகுப்புவரைதான் படிப்பு. பேத்தியின் பழைய கொப்பியில், அவள் எழுதாமல் விட்ட பக்கங்களில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போனால் காணும். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். சொன்ன விஷயத்தில் பிழை இல்லை.

2

மகன் இருக்கிற ஊர் ரொறன்ரோவில் இருந்து மேற்கே ஒரு மணித்தியால ஓட்டம். இங்கே தண்ணீர் நிலத்துக்குக் கீழே கல்லுக்குள் இருந்து வருகிறது. அப்படியே விட்டால் கேத்திலில் சுண்ணாம்பு கட்டும், உடுப்புத் தோய்க்கச் சோப் நுரைக்காது. அதற்காக வீட்டின் நிலவறையில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். என் இடுப்பு உயரம். பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி. அந்தத் தொட்டிக்குள் பை பையாக உப்புக் கொட்ட வேண்டும்.

வந்த புதிதில் மகன் கேதீஸ் அதைத் திறந்து காட்டியபோது நான் வாயில் கை வைத்தேன்.

"தண்ணிக்குள்ளை உப்புக் கொட்டிறியோடா, விசரா?"

"இல்லையணை அம்மா. உப்புத் தண்ணியாலை மெஷின் தன்னைத்தான் கழுவும். கழுவின தண்ணி இந்தா, இந்தக் குழாயாலை வெளியிலை போயிடும். எங்களுக்கு வாறது நல்ல தண்ணி."

"போகாட்டி?"

"போகும் அம்மா."

இரண்டு நாளைக்கு ஒருமுறை, எல்லோரும் படுத்த பிறகு, அது தன் பாட்டுக்குக் கழுவிக்கொள்ளும் என்றான். குழாய் என்று அவன் காட்டியது என் சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு ரப்பர்க் குழாய். மெஷினின் பின்பக்கத்தால் இறங்கி, சுவர் ஓரமாக நிலத்தில் கிடந்து, ஒரு ஓட்டைக்குள் போனது. நான் அதை அன்றைக்குப் பார்த்தேன். பிறகு மறந்துபோனேன்.

3

இவருக்கு இருதயம் பலவீனம். அது அங்கேயே தொடங்கியது. வவுனியாவில், வெளியே போக ஆமியிடம் பாஸ் எடுக்க வரிசையில் நின்ற நாட்களிலேயே மூச்சு வாங்கும். இங்கே வந்த பிறகு டொக்டர் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, உப்பு ஒரு சொட்டும் கூடாது என்றார். உப்பு உள்ளே போனால் உடம்பில் தண்ணீர் நிற்கும், கால் வீங்கும், பிறகு நெஞ்சுக்குள் நிற்கும். தேங்கின தண்ணீர் சலமாய்ப் போக இரண்டு குளிசை. ஒவ்வொரு வியாழனும் ஒரு நேர்ஸ் பிள்ளை வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்ப்பாள்.

அன்று தொடக்கம் இவருக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத பூசணிக்காய். நான் சமைக்கும்போது ருசி பார்க்கிறவள் இல்லை. எங்கள் வீட்டில் முதல் அகப்பை சாமிப் படத்துக்கு வைக்க வேண்டும், அதற்கு முன்னம் நாக்கில் வைக்கக் கூடாது. ஐம்பது வருடம் கைக்கணக்கில் சமைத்தவள். ஒருவரும் கூட என்றோ குறைய என்றோ சொன்னது இல்லை. அது என் கை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, எல்லாம் ஒழுங்காக இருந்தது. மாசி மாதம் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நேர்ஸ் நிறுத்துவிட்டு, நிறை கூடிவிட்டது என்று முகத்தைச் சுழித்தாள். அடுத்த கிழமையும் கூடியிருந்தது. குளிசையைக் கூட்டினார்கள். அதற்கு அடுத்த கிழமையும் கூடியிருந்தது.

நேர்ஸ் கேட்பதை எனக்குச் சொல்வதற்குப் பேத்தி ஆரணியை இருத்துவார்கள். அவளுக்குப் பதினொரு வயது. எங்கள் தமிழ் அவளுக்கு விளங்கும், ஆனால் திருப்பிச் சொல்லப் பஞ்சி.

"அப்பம்மா, நீங்க உப்புப் போடுறீங்களா எண்டு கேக்கிறா."

"பிள்ளை, வடிவாச் சொல்லு. அவருக்கு வேற சட்டி. கறிவேப்பிலையும் மிளகும் தேசிக்காயும்தான். உப்புப் போத்தல் இருக்கிற அலுமாரிப் பக்கமே அவரின்ரை சட்டியைக் கொண்டுபோறேல்லை எண்டு சொல்லு."

ஆரணி நேர்சைப் பார்த்து "நோ" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு நேர்ஸ் கடதாசியைப் பார்த்துவிட்டு என்னிடம் இன்னொன்று கேட்டாள். அதை அவள் எல்லா வியாழனும் கேட்பாள். நோயாளியின் பேர் என்ன? ஆளை உறுதிப்படுத்துகிறதற்குக் கேட்கிறதாம். நானும் எல்லா வியாழனும் செய்வதையே செய்தேன். சிரித்துக்கொண்டு இவரைக் கையால் காட்டினேன். பேர் வாயில் வராது. கட்டின நாள் முதல் சொன்னதில்லை. வவுனியாவில் பாஸ் கொடுக்கிற இடத்திலும் நான் அடையாள அட்டையைத்தான் நீட்டினேன். அங்கே இருந்தவர்களுக்கு அது விளங்கியது. இவளுக்கு விளங்கவில்லை. ஏதோ எழுதினாள்.

அவள் எழுதினது பங்குனியில் கடிதமாக வந்தது. மகன் வாசித்துவிட்டு மடித்து வைத்தான். நான் விடவில்லை.

"சொல்லடா."

"ஒண்டுமில்லை அம்மா."

"ஒண்டுமில்லாததுக்கு நாலு பக்கமோ?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். உங்களுக்கு மறதி இருக்கலாமாம். வீட்டுக்காரரின் பேர் தெரியேல்லையாம். உப்புப் போட்டுவிட்டுப் போட்டதை மறக்கிறியளாக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதத்தில் அப்பாவின் நிறை இறங்காவிட்டால், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்க வேண்டும். அதற்கு அவன் கையெழுத்து வைக்க வேண்டும்.

அந்த இல்லத்தை எனக்குக் காட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு. கதவைத் திறக்க நம்பர் அமத்த வேண்டும். இவருக்கு "தண்ணி" என்று தமிழில் கேட்க மட்டும்தான் தெரியும். அங்கே விட்டால் கேட்டுக் கேட்டே போய்விடுவார்.

4

தண்ணீர் எடுக்கிற என் பழக்கத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

கிளிநொச்சியில் எங்களுக்குக் குடியேற்றத் திட்டத்துக் காணி, வாய்க்கால் தண்ணீரில் வயல், வளவுக்குள் நல்ல கிணறு. தண்ணீரைப் பற்றி யோசித்ததே இல்லை. சண்டையால் அதை விட்டு எழும்பி, கனகராயன்குளத்தில் தங்கச்சி வீட்டில் கொஞ்ச நாள். பிறகு முள்ளிவாய்க்காலில் ஒரு தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டோம். அங்கே இருபது குடும்பத்துக்கு ஒரு கிணறு. மணல் கிணறு, பத்து அடி இருக்காது. கடல் பக்கத்தில். கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே நல்ல தண்ணீர் மேலே ஒரு ஆடைபோலத்தான் நிற்கும். கீழே உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். மெல்ல அள்ளினால் நல்லது வரும். ஆள்மாறி ஆள் இறைத்தால் சவர் மேலே வந்துவிடும். வெயில் ஏறினால் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் பால் திரையும்.

அதனால் முதல் வாளி முக்கியம். முதல் நாள் பின்னேரத்தில் இருந்து கிணறு ஆறி, தெளிந்து நிற்கும். விடியப்புறம் ஒருவரும் கை வைக்க முன்னம், வாளியை நீருக்கு மேலே படுக்க வைத்து, கலக்காமல் ஒரு குடம் எடுக்க வேண்டும். அதுதான் குடிக்கிற தண்ணீர். பிறகு வருகிறவர்களுக்குச் சவர்.

"வல்லிபுரக் கோயில் கேணியிலை தீர்த்தம் எடுக்க வாறமாதிரியெல்லோ வாறா" என்று பக்கத்துக் கொட்டில் புஷ்பம் என்னைப் பகிடி பண்ணுவாள். "அந்த மனிசன் என்ன, உங்கடை முதல் வாளியிலையோ உயிர் வாழுது?"

"ஓமடி. பின்னை உன்ரை கடைசி வாளியிலையோ?"

அப்போதே இவருக்கு மூச்சுக் கஷ்டம். ஒன்பது மாதம் அந்தக் கிணற்றில் முதல் வாளி என்னுடையது. ஒரு நாளும் பிந்தவில்லை. அந்தக் குடத்தில் நான் வாய் வைத்ததும் இல்லை. அது இவருக்கு. எனக்கு மிச்சத் தண்ணீர் காணும். அங்கே இருந்து இவர் உயிரோடு இந்த நாட்டுக்கு வந்தது என்னால்தான் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. மறைக்க மாட்டேன். பெரிய எண்ணம்தான்.

இங்கேயும் அப்படியே செய்தேன். நாலரைக்கு எழும்பி, ஒருவரும் பைப்பில் கை வைக்க முன்னம், சில்வர் குடத்தில் முதல் தண்ணீர். அந்தக் குடத்துத் தண்ணீரில்தான் இவருக்குக் கஞ்சி, தேத்தண்ணி, குளிசை விழுங்குகிற தண்ணீர் எல்லாம். மற்றவர்கள் எழும்பி, முகம் கழுவி, குளித்து, ஏழு மணிக்குப் பிறகு பைப்பில் பிடித்துக் குடிப்பார்கள். நானும் அதைத்தான் குடிப்பேன்.

மிஞ்சின குடத்துத் தண்ணீரைப் பின்னேரம் யன்னலடி மிளகாய்க் கன்றுக்கு ஊற்றுவேன். மாசியில் அதன் இலை நுனி எல்லாம் கருகியது. வெயில் காணாது என்றான் மகன். நானும் நம்பினேன்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் சுமதிக்கு வேலை. வழமைக்கு முந்தி எழும்பி வந்து, அவசரத்தில் என் குடத்தில் இருந்து ஒரு கிளாஸ் வார்த்துக் குடித்தாள். அப்படியே சட்டி கழுவுகிற தொட்டிக்குள் துப்பினாள்.

"மாமி, இதுக்குள்ளை உப்புப் போட்டனீங்களோ?"

"நான் ஏன் பிள்ளை போடுறன்?"

அவள் பைப்பைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்தாள். அதற்கு முன்னமே நான் குடத்தை நிறைத்து, இவருக்கு முகம் துடைத்து, சட்டிகள் கழுவி, மகனும் குளித்து முடித்திருந்தான். பைப்பில் நல்ல தண்ணீர். குடத்தில் உப்புத் தண்ணீர். அவள் இரண்டு கிளாசையும் எனக்கு முன்னால் வைத்தாள். நான் குடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. முள்ளிவாய்க்கால் கிணறு பத்து மணிக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

சுமதி நல்ல பிள்ளை. சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. என் தோளில் கை வைத்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"மாமி, மறதி ஒரு குற்றமில்லை. மாமாவுக்குச் சாப்பாடு இறங்கேல்லை எண்டு பாவம் பாத்துப் போடுறியளாக்கும்."

"பிள்ளை, நான் போடேல்லை."

"சரி மாமி."

அந்தச் "சரி"யில் நம்பிக்கை இல்லை. நான் போய் உப்புப் போத்தலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "உன்ரை அறைக்குள்ளை வைச்சுப் பூட்டு. திறப்பு உன்னட்டை இருக்கட்டும்" என்றேன். என் குசினி உப்பை நானே இன்னொருத்தியிடம் கொடுத்துப் பூட்டச் சொன்ன நாள் அது.

திங்கள் விடிய, நானும் சுமதியும் சேர்ந்தே எழும்பினோம். பைப்பைத் திறந்தேன், முதல் தண்ணீர். அவள் குடித்தாள். நானும் குடித்தேன். நல்ல தண்ணீர். துளி உப்பு இல்லை.

அவள் கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். உப்பைப் பூட்டின உடனே தண்ணீர் நல்லதாகிவிட்டது. அப்படியென்றால் உப்புப் போட்டவள் யார்?

அன்று முழுக்க நான் கதிரையில் இருந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கை எனக்குத் தெரியாமல் போய் உப்பை அள்ளுமோ? போட்டுவிட்டுத்தான் மறக்கிறேனோ? என் அம்மா கடைசிக் காலத்தில் என்னை நீ யார் என்று கேட்டவ. மகன் வேலையால் வந்து, எதிரில் இருந்து, "அம்மா, டொக்டரிட்டை ஒருக்கா உங்களையும் காட்டுவம்" என்றான். நான் ஓம் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கெதியாக நான் எதற்கும் ஓம் சொன்னதில்லை. இவர் படுக்கையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

6

செவ்வாய் விடிய எழும்ப எனக்கு மனமில்லை. யாருக்கு, எதற்கு என்று கிடந்தேன். பிறகு பழக்கம் எழுப்பிவிட்டது. குசினிக்குப் போய்ப் பைப்பைத் திறந்து, கையில் ஏந்தி, ஒரு வாய் குடித்தேன்.

உப்பு.

குடமும் இல்லை, சட்டியும் இல்லை, போத்தல் பூட்டியிருக்கிறது. பைப்பில் இருந்து நேரே என் கைக்கு வந்த தண்ணீரில் உப்பு. பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். பயித்தியம் இல்லை என்று தெரிந்துகொண்ட அழுகை.

பிறகு அழுகையை நிப்பாட்டிவிட்டு யோசித்தேன். இப்போது போய் எழுப்பினால், அவர்கள் வந்து சேர முன்னம் தண்ணீர் மாறிவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை அதுதானே நடந்தது. வீட்டில் இருந்த கிளாஸ் எல்லாவற்றையும் எடுத்தேன். ஒரு கிளாஸ் பிடித்து யன்னலடியில் வைத்தேன். அரை வாளி போக விட்டு இரண்டாவது. ஒரு வாளி போக விட்டு மூன்றாவது. அப்படியே ஒன்பது கிளாஸ் வரிசையாக. அதற்குப் பிறகுதான் இரண்டு பேரையும் எழுப்பினேன்.

"குடியுங்கோ. இடப்பக்கத்திலையிருந்து."

சுமதி முதலாவதைத் துப்பினாள். மகன் மூன்றாவதைத் துப்பினான். ஆறாவதில் இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள். ஒன்பதாவது நல்ல தண்ணீர்.

"முள்ளிவாய்க்காலிலை பிந்தி வந்தவைக்குச் சவர்" என்றேன். "இஞ்சை முந்தி வந்தவைக்கு. முந்தி வாறது நான் ஒருத்தி. குடிக்கிறது அவர் ஒருத்தர்."

சுமதி கிளாசை வைத்துவிட்டு, "மாமி" என்றாள். அறைக்குப் போய் உப்புப் போத்தலை எடுத்து வந்து என் கையில் தந்தாள்.

மகன் நிலவறைக்கு ஓடினான். நானும் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். உப்புத் தொட்டியைத் திறந்தால், அடியில் நிற்க வேண்டிய தண்ணீர் கழுத்துவரை நின்றது. அவன் மெஷின் விற்ற கடைக்கு வேலைநேரம் தொடங்கும்வரை இருந்து போன் எடுத்தான். ஆள் வர எட்டு நாளாகும், ஆனால் முதலில் ஒன்றைப் பார் என்று சொன்னார்களாம். மெஷினைக் கையால் கழுவ விடு, கழுவின தண்ணீர் வெளியே போகிறதா என்று குழாயின் மற்ற முனையைப் பார்.

அவன் பொத்தானை அமத்தினான். மெஷின் உறுமியது. நான் ஓட்டையடியில் குந்தியிருந்தேன். ரப்பர்க் குழாயின் வாயில் இருந்து தண்ணீர் பாய வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தது. கழுவின உப்புத் தண்ணீர் போக வழியில்லாமல் மெஷினுக்குள்ளேயே நிற்கிறது. விடிய முதல் திறக்கிற பைப்பால் அது வருகிறது. கழுவாத நாளில் நல்ல தண்ணீர், கழுவின நாளில் இது.

"எங்கையோ நெரிஞ்சு கிடக்கு" என்று மகன் குழாயைத் தடவிக்கொண்டே போனான். சுவர் ஓரமாகப் போய், ஒரு இடத்தில் அவன் கை நின்றது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

அங்கே இருந்தது என் அரிசி.

7

தை மாதக் கடைசியில் றேடியோவில் அங்கத்தைய செய்தி கேட்டேன். பாதை பூட்டு, சாமான் போகவில்லை. அன்றில் இருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இங்கே கடை நிறைய அரிசி இருக்கிறது, தெரியும். ஆனாலும் கேட்டேன். மகன் மூன்று பை வாங்கி வந்து தந்தான். எங்கே வைப்பது என்றபோது, நிலவறையில் உப்புப் பைக்குப் பக்கத்தில் என்று இடம் காட்டினது நான். புது வீட்டுக்குள் முதலில் உப்பையும் அரிசியையும்தான் கொண்டுபோவோம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் வீட்டில் குறை வராது என்று வைப்பது எங்கள் வழக்கம். மகன் ஒரு பலகையைப் போட்டு அடுக்கிவிட்டு மேலே போனான். சுவருக்கும் பைக்கும் இடையில் இடைவெளி இருந்தது, எலி போகும் என்று நினைத்தேன். முழங்காலைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, மூன்று பையையும் சுவரோடு சுவராகத் தள்ளி நெருக்கினது நானேதான். பலகையின் விளிம்பு குழாயின் மேல் ஏறியிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

மகன் பைகளை இழுத்தான். குழாய் சப்பையாக, ஓலைப்பாய்க் கோடுபோலக் கிடந்தது. கையால் உருட்டி விட்டான். மற்ற முனையில் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. ஓட்டைக்குள் அது போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அந்த அரிசிப் பையிலேயே இருந்தேன்.

"அம்மா, இது உங்கடை பிழையில்லை" என்றான்.

"பின்னை ஆற்றை? புஷ்பத்தின்ரையோ?"

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

மேலே வந்து இவருக்கு எல்லாம் சொன்னேன். மறைக்கவில்லை. குடம், மெஷின், குழாய், அரிசி. இவர் கேட்டுக்கொண்டு கிடந்தார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கஞ்சியிலை உப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வாற நாளுக்குப் பாத்துக்கொண்டு கிடப்பன்."

"இஞ்சாருங்கோ, ஏன் சொல்லேல்லை?"

"நீ எனக்காகக் களவாப் போடுறாய் எண்டு நினைச்சன். சொன்னால் உன்னைப் பேசுவினம். சொன்னால் நீயும் நிப்பாட்டிப்போடுவாய்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அது ஒண்டுதானப்பா வாய்க்குப் பிடிச்சது."

மகன், மருமகள், நேர்ஸ், டொக்டர், எல்லோரும் என்னை நினைத்தது ஒரு பக்கம். ஐம்பது வருடம் என் கையால் சாப்பிட்டவரும் அதையே நினைத்திருக்கிறார். மன்னிக்கிற மாதிரி நினைத்திருக்கிறார், அன்பாக நினைத்திருக்கிறார். ஆனாலும் நினைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட அந்த முகத்தில் இடம் இருக்கவில்லை.

8

வியாழன் நேர்ஸ் வந்தாள். மகன் லீவு போட்டு நிற்கிறேன் என்றான், நான் வேண்டாம் என்றேன். ஆரணியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன்.

"பிள்ளை, நான் சொல்லுறதிலை ஒரு சொல்லும் விடாமல் சொல்லு. விட்டியெண்டால் எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"நீளம் தெரியுமடி."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள். நான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, அவளும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அரிசிக்கு ஏன் பயம் என்றதில் அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டாள், "அப்பம்மா, அங்க உண்மையாச் சாப்பாடு இல்லையா?" ஓம் என்றேன். அவள் திரும்பி நேர்சிடம் அதையும் சொன்னாள். நேர்ஸ் எழுந்து நிலவறைக்குப் போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து கடதாசியை எடுத்தாள். வழமையான கேள்வி. நோயாளியின் பேர் என்ன?

இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

நான் கதிரையை விட்டு எழும்பி நின்றேன். முழுப் பேரையும், தகப்பன் பேரோடு சேர்த்து, அந்தப் பிள்ளைக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னேன். ஒரு முறை. இங்கே அதை எழுத மாட்டேன். சொன்னது காணும்.

நேர்ஸ் ஒரு கோடு கீறி ஏதோ வெட்டினாள். இவர், "என்ரை பேர் இவ்வளவு நீளமோ" என்றார்.

9

இல்லத்துக் கதை நின்றுவிட்டது. கடைக்காரன் வந்து மெஷினைப் பார்த்துச் சரி என்று போனான். அரிசிப் பைகள் இப்போது மேலே, என் கட்டிலுக்குக் கீழே.

விடிய எழும்பிப் பைப்பைத் திறந்து, பத்து நிமிடம் தண்ணீரைச் சும்மா ஓட விடுகிறேன். தேவையில்லை என்று மகன் சொல்கிறான். முதல் வாளிக்கு ஒன்பது மாதம் விடிய ஓடினவள், முதல் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பிறகு ஒரு கிளாஸ் பிடித்து நான் குடிக்கிறேன். நான் குடித்த பிறகுதான் இவருக்கு.

கால் வீக்கம் வற்றிவிட்டது. முதல் கிழமை நிறை இறங்கியபோது நேர்ஸ் கை தட்டினாள். இரண்டாம் கிழமையும் இறங்கியது, கை தட்டினாள். இந்த வியாழனும் இறங்கியது. அவள் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனாள். நான் இவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். முதல் கிழமை போனது தண்ணீர். இப்போது போகிறது தண்ணீர் இல்லை. டொக்டரிடம் சொல்லிவிட்டோம். உப்பு மட்டும் கூடாது, மற்றது எதையும் கொடுங்கள் என்கிறார். மற்றது ஒன்றும் இறங்கவில்லை.

வாயை மூடிக்கொள்கிறார். "கோபமில்லையப்பா, ஏலாமல் கிடக்கு" என்கிறார். கஞ்சிக் கோப்பையோடு நான் பக்கத்தில் இருந்து, இப்போது முதல் கரண்டியை என் வாயில் வைக்கிறேன். உப்பில்லாத கஞ்சி என்னவென்று எனக்கும் தெரிய வேண்டாமா? ஒரு கரண்டி நான், ஒரு கரண்டி அவர். நான் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வாயைத் திறப்பார்.

முந்தாநாள் பதினொரு கரண்டி. நேற்று ஒன்பது. இன்றைக்கு ஏழு.